ராஜாக்கள் உண்டு, ராஜ்ஜியம்தான் இல்லை

கூகுளில் ‘ராஜபாளையம்’ என்று தட்டிப் பாருங்கள். ஊரை முந்திக்கொண்டு நாய் வந்து நிற்கும். ராஜாக்கள் பெயரில் ஓர் ஊர். அதன் புகழைக் கவ்விக்கொண்டு ஓடியது நாய்!

அந்தக் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்த ராஜுக்களின் ஊர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். “ராஜா!” என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். சிம்மாசனம் எங்கே என்று கேட்டால்தான் பருத்திக்காட்டைக் காட்டுவார்கள்.

பத்துப் பதினோரு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அவர்களுக்கோ ஆண்டாள், 192 அடிக் கோபுரம், தாலுகா தலைமை என்று ஏகப்பட்ட கெத்து. அரசு முத்திரையில் இருப்பதும் எங்கள் கோபுரம்தான் என்பார்கள். மதுரைக்காரர்கள், “அது எங்க மேற்குக் கோபுரம்” என்பார்கள். நமக்கெதற்கு வம்பு? நடுவில் இருக்கும் வன்னியம்பட்டி, இரண்டு ஊர்ப் பெருமையையும் கேட்டுக்கொண்டு கமுக்கமாக இருக்கிறதே, அதுதான் புத்திசாலித்தனம்.

வெள்ளைக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகாவையும் திருநெல்வேலியிலிருந்து பிய்த்து அதில் சேர்த்தான். சரி, மனு கொடுக்க ராமநாதபுரம் போகலாம் என்று மூட்டை கட்டினால், கலெக்டர் உட்கார்ந்திருந்தது மதுரையில்!

1927-இல் விருதுநகர் - தென்காசி ரயில் வந்தது. அதே வருஷம் காந்தியும் வந்தார். நூற்கச் சொன்னார். ஊரே பயபக்தியோடு தலையாட்டியது. ஒன்பதே வருஷம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ‘ராஜபாளையம் மில்ஸ்’ தொடங்கினார். மகாத்மா சொல்லைத் தட்டவில்லை பாருங்கள், நூற்றார்கள்! எதில் நூற்கச் சொன்னார் என்பதுதான் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. இன்றைய ராம்கோ குழுமத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒருவழியாக 1949-இல் ஒரு ராஜாவுக்கு நிஜ நாற்காலியே கிடைத்தது. பி.எஸ். குமாரசாமி ராஜா, மதராஸ் ராஜதானியின் பிரதமர். ஆமாம் சார், முதலமைச்சருக்கு அப்போது அந்த டைட்டில்தான்! ஆந்திரா, மலபார் எல்லாம் கைக்குள். இனி என்ன கவலை என்று 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார். அவ்வளவு பெரிய ராஜதானியைக் கட்டி மேய்த்தவரை, பக்கத்து ஊர்த் தொகுதி கவிழ்த்துவிட்டது.

மனிதர் மூலையில் உட்காரவில்லை. 1954-இல் ஒரிசாவுக்குக் கவர்னரானார். ஓட்டே கேட்க வேண்டாத உத்தியோகம்!

ராஜபாளையம் போனால் காந்தி கலை மன்றத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். தோற்கடித்த ஜனங்கள் மேல் துளிக் கோபமும் இல்லாமல், தன் சொந்த வீட்டை அந்த மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்.