ஓசிக் கூழாங்கல்காரர்

கொளத்தூர் மீன் கடையில் பேரம் பேசி மீனை வாங்கிவிட்டு, தொட்டிக்கு அடியில் பரப்பும் கல்லின் விலையைக் கேட்டதும், "கல்லுக்கா காசு?" என்று கடைக்காரரை ஏற இறங்கப் பார்ப்பவர் அவர்தான். அன்றோடு அவர் நிமிர்ந்து நடப்பது நின்றுவிடும். பாதி கட்டிய வீட்டு வாசலின் மணல் குவியல், கல்யாண மண்டபத் தோட்டத்து வெள்ளைக் கற்கள், மருத்துவமனை வரவேற்பறையின் செடித் தொட்டி என்று எல்லாமே அவருக்குப் பொதுச்சொத்து. துக்கம் விசாரித்துக் கும்பிட்ட கை இறங்குவதற்குள் சட்டைப் பை கனத்திருக்கும். ஒகேனக்கல் போனாலும் அருவியை அண்ணாந்து பார்க்க மாட்டார், குனிந்தே இருப்பார். திரும்பும் வழியில் துணிப்பையின் காது அறுந்தால், திட்டு வாங்குவது பையை எடுத்து வந்த மனைவி.

ஊர் அவரைக் கஞ்சர் என்கிறது. இது கஞ்சர்களுக்குச் செய்யும் அநியாயம். கஞ்சர் கணக்குப் பார்ப்பவர். இவர் பார்ப்பதே இல்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் பரப்ப ஏறத்தாழ 14 கிலோ வேண்டும். சட்டைப் பை கணக்கில் அது பல மாத உழைப்பு. சேர்ந்த கல்லைக் கிருமி போகட்டும் என்று இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைக்கிறார். கல்லுக்குள் ஈரம் சிக்கியிருந்தால் அது வெடிக்கவும் கூடும். கேஸ் செலவு, குண்டான் செலவு, வீட்டில் நிலவும் மௌனம் எதுவும் அவர் ஏட்டில் ஏறாது. எம்-சாண்ட் ஓசியில் கிடைத்தால் இன்னும் மோசம். கருங்கல்லை உடைத்துச் செய்த மணல் அது. தூசி போக வாளி வாளியாகக் கழுவ வேண்டும். கழுவினாலும் முனை மழுங்காது. அடிமணலைக் கிளறித் தின்னும் கெளுத்தி வகை மீன்களின் மீசை அதில் தேய்ந்து புண்ணாகும். கிளிஞ்சலோ மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். மோலிக்கும் கப்பிக்கும் அது ஒத்துக்கொள்ளும் என்பார். ஒத்துக்கொள்ளும்தான். ஆனால் அவர் வாங்கி வந்திருப்பது நியான் டெட்ரா. ஒரு சொட்டு வினிகரை விட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக் கல் என்று ஒதுக்கலாமே என்றால், "வினிகர் விலை என்ன தெரியுமா சார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

கடைக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று அவர் தரப்பில் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊதாவும் ரோஸுமாகச் சாயம் பூசிய கல்லையும், வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலையையும் விற்கும் விலை கொஞ்சம் அதிகம்தான். அழகும் இல்லை. ஆனால் அதற்கு மாற்று தெருப்பொறுக்கல் அல்ல. தண்ணீர் வடிகட்டிகளில் போடும் கூழாங்கல் மலிவாகக் கிடைக்கிறது. சலித்துக் கழுவிய ஆற்று மணல் போதும். உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்தால் மீனுக்கு அருமையான குகை. உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை இரண்டைப் போட்டால் தண்ணீர் இளந்தேநீர் நிறமாகும். டெட்ராவுக்கு அது பிடிக்கும். இத்தனையும் அவருக்குத் தெரியும். செய்ய மாட்டார். காசு கொடுத்து வாங்கிய கல்லைப் பற்றி வருகிறவர்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? "இது பவானி கூடுதுறை, இது குற்றாலம், அந்தக் கறுப்புக் கல், மச்சினன் கல்யாணத்தில் கிடைத்தது" என்று அவர் விரல் வைத்துக் காட்டும்போது, குடும்ப ஆல்பம் பார்ப்பது போலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவர் மீது கோபம் வருவதில்லை. மீன் எங்கே என்றுதான் யாரும் கேட்பதில்லை.

பவளப்பாறைத் துண்டு விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. ராமேஸ்வரம் போனால் அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார். "செத்துக் கரையொதுங்கியதுதானே?" என்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் பவளமும் இருக்கிறது. செத்ததாக இருந்தாலும் எடுத்து வருவது குற்றம். ஐயா, கூழாங்கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.