போர்டிகோ மெக்கானிக்

வண்டியை சர்வீசுக்கு விட்டு, பில்லைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பணத்தைக் கட்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு ரகம். போர்டிகோ மெக்கானிக் அந்த ரகத்தில் சேர்த்தியில்லை. பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். அம்பத்தூர், குரோம்பேட்டை பக்கம் சொந்த வீடு. வாசலில் ஒரு மாருதி 800. அந்த வண்டியைத் தயாரிப்பதை 2014-லேயே கம்பெனி நிறுத்திவிட்டது. இவர் இன்னும் நிறுத்தவில்லை.

கடைத்தெருவுக்குப் போய்வந்தால் பையை இறக்க மாட்டார். முதலில் வண்டியைச் சுற்றி வந்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பார். முன்பக்கத்து வலது சக்கரத்தைவிட இடது சக்கரம் அதிகமாகச் சுட்டதென்றால் முகம் மலர்ந்துவிடும்.

“பிரேக் காலிப்பர் ஜாம்! நான்தான் அன்னிக்கே சொன்னேனே, வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு.”

“தயிர் வாங்கினீங்களா?” என்பார் மனைவி. தயிர் கடையிலேயே இருக்கும்.

தெருமுனை ஷெட்டில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் வேலை முடியும். ஆனால் அங்கே இவருக்கு ஒரு பழைய தகராறு உண்டு. அங்கே வேலை பார்க்கும் தம்பி காலிப்பருக்குள் இருக்கும் ரப்பர் சீலை பெட்ரோலில் முக்கிக் கழுவியதை ஒருமுறை இவர் கண்ணால் பார்த்துவிட்டார். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊதிப்போகும். ஊதிய சீல் பிஸ்டனைத் திரும்பப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். “பிரேக் ஆயில்லதான் கழுவணும் தம்பி, இல்லேன்னா ஸ்பிரிட்” என்று சொல்லிப் பார்த்தார். “இத்தனை வருஷமா இப்படித்தான் சார் பண்றோம்” என்றான் தம்பி. அன்றோடு உறவு முறிந்தது. இந்த விவகாரத்தில் இவர் பக்கம்தான் நியாயம் என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும். இவருடைய தொல்லையே அதுதான், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் காலிப்பர் கிட் வாங்குவது தனிப் படலம். ஒரு சீல், ஒரு தூசி மறைப்பு பூட், சின்னப் பொட்டலம், அவ்வளவுதான் சரக்கு. அதற்குள் கவுண்டரில் நிற்கும் பையனுக்கு, டிஸ்க் பிரேக்குக்கு லாஞ்செஸ்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 1902-லேயே காப்புரிமை வாங்கியதையும், 1953-ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அதைப் போட்டுக்கொண்டு ஜெயித்ததையும் சொல்லி முடித்திருப்பார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு பக்கத்துக்கா சார், ரெண்டு பக்கத்துக்குமா?” என்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கைலியை மடித்துக் கட்டுவார். ஜாக்கி ஏறும். மனிதர்களையே நம்பாதவர் ஜாக்கியை நம்புவாரா? அடியில் மரக்கட்டை, அதற்குப் பக்கத்தில் படுக்கப்போட்ட ஸ்டெப்னி, பின்சக்கரத்துக்குக் கல். சக்கரம் கழன்றதும் ரத்தினக்கம்பளம் விரிப்பதுபோல் பனியன் துணியை விரிக்க மாட்டார். நேரே சமையலறைக்குப் போய் எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தூக்கி வருவார். கழற்றிய போல்ட்டும் பின்னும் வாஷரும் கழன்ற வரிசையில் அதில் உட்காரும். யாரும் தொடக் கூடாது. காலிப்பரையும் ஹோசில் தொங்கவிட மாட்டார், கம்பி போட்டுக் கட்டுவார். ஹோசில் தொங்கினால் உள்ளே நைந்துபோகுமாம்.

பிஸ்டனை வெளியே எடுப்பதற்குத்தான் மனைவிக்கு முதல் அழைப்பு. கம்ப்ரஸர் காற்று வைத்துத் தள்ளினால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பும், விரல் போய்விடும். அதனால் பேடைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, ஹோசைக் கழற்றுவதற்கு முன்பே பிரேக்கை மிதிக்கச் சொல்வார். அம்மாள் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, தங்கையிடம் பேச்சை நிறுத்தாமலே மிதிப்பார். பிஸ்டன் மெல்ல நகர்ந்து வந்து மரத்தில் முட்டும்.

பிறகு நெடுநேரம் ஓசையே இருக்காது. வீட்டுக்கு வந்த புது டூத்பிரஷ் ஒன்று காணாமல் போயிருக்கும். துருவேறிய வெளிப்பக்கத்துக்குக் கம்பி பிரஷ். சீல் உட்காரும் பள்ளத்துக்கு மட்டும் மரக்குச்சி, அங்கே இரும்பு படக் கூடாது. பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்ற மாட்டார், புதுசுதான். அந்த நேரத்தில் பேப்பர்காரர் காசு கேட்டு வந்தாலும் போதும், மாட்டினார்.

“இதைப் பாருங்க. பிரேக்கை விட்டதும் பிஸ்டன் எப்படிப் பின்னாடி போகுதுன்னு நினைக்கிறீங்க?”

“ஸ்பிரிங் இருக்கும் சார்.”

“ஸ்பிரிங்கே கிடையாது! பிஸ்டன் முன்னாடி போறப்ப இந்த சீல் லேசா முறுக்கிக்கும். அழுத்தம் போனதும் பழையபடி நிமிரும், நிமிரும்போது பிஸ்டனையும் இழுத்துக்கும். ஒரு ரப்பர் வளையம், ரெண்டு வேலை!”

பேப்பர்காரர் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

வேலைக்கார அம்மா இதற்குள் போர்டிகோவைப் பெருக்கிவிட்டிருப்பார். தட்டிலிருந்து உருண்டு விழுந்த செப்பு வாஷர் குப்பையோடு போயிருக்கும். அதை மறுபடி போடக் கூடாது, புது வாஷர்தான் போட வேண்டும் என்று இவரே சட்டைப்பையில் வாங்கி வைத்திருக்கிறார். இருந்தும் முறத்தைக் கவிழ்த்துத் தேடுவார்.

கடைசியில் பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். மீன்தொட்டி டியூப், ஹார்லிக்ஸ் பாட்டில், இரண்டாம் அழைப்பு.

“அழுத்து… பிடி… விடாதே… ம், விடு.”

நட்டை இறுக்குவதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே ஏறி, எல்லாம் முதலிலிருந்து. அம்மாள் அந்தத் தவறைச் செய்வதை என்றைக்கோ விட்டுவிட்டார். சொல்லப்போனால் அந்த வீட்டில் நிஜமான மெக்கானிக் யார் என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு. “எல்லா ஏரும் வந்தாச்சு” என்று இவர் கீழேயிருந்து அறிவிப்பார். “இல்லீங்க, இன்னும் மெத்துனுதான் போகுது” என்பார் அம்மாள் மேலேயிருந்து. அடுத்த முறை டியூபில் ஒரு குமிழி வரும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் இவரைக் கிளறிவிடாதிருப்பது நல்லது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கும் அது பரிமாறப்பட்டிருக்கிறது. “புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 140 டிகிரியிலேயே கொதிச்சிடும்.” மருமகன் கொல்லிமலை போகிறான் என்று தெரிந்தால் எழுபது கொண்டை ஊசி வளைவையும் போனிலேயே இறங்கிக் காட்டுவார். ஈரம் சேரும் என்பதால் திறந்த டின்னை மறுபடி தொட மாட்டார். காசு கொடுத்து வாங்கியது என்பதால் தூக்கிப் போடவும் மாட்டார். பரணில் பாதி டின்கள் ஒரு வரிசை நிற்கின்றன.

இருட்டுவதற்குள் இடது பக்கம் முடிந்துவிடும். வலது பக்கம்? ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி இழுக்கும், ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். அது அடுத்த ஞாயிறு. அதுவரை வண்டி வெளியே எடுக்கப்படாது. நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம் வரும். தம்பதி வாடகைக் காரில் போவார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இவர் முன்சீட்டுப் பக்கம் சாய்வார்.

“தம்பி, பிரேக் போட்டா லேசா இடப்பக்கம் இழுக்குதே, கவனிச்சீங்களா?”

“ஆமா சார், ரெண்டு நாளாவே அப்படித்தான்.”

பின்சீட்டிலிருந்து அம்மாள் குரல் வரும்: “தம்பி, அவர்கிட்ட பேச்சுக் குடுக்காதப்பா. ஒன்பதரைக்கு முகூர்த்தம்.”