சிறப்புரையைக் கேட்காதவர்

பல்கலைக்கழகத் துறைத் தாழ்வாரத்தில் ஒரு கையில் செல்பேசியும் இன்னொரு கையில் பொன்னாடைப் பையும், வாயில் பேனா மூடியுமாக ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால், சந்தேகமே வேண்டாம், அவர்தான் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். பதவியால் உதவிப் பேராசிரியர். முனைவர் பட்டம் உண்டு. ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். கைத்தறித் துண்டு டஜன் என்ன விலை, அரங்கத்து மின்விசிறிகளில் எது குத்துவிளக்கை அணைக்கும் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

பிறக்கும்போதே ஒருங்கிணைப்பாளராகப் பிறந்தவர் யாருமில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் துறைத்தலைவர் தோளில் கைவைத்து, "தம்பி, நீங்க நல்லா சுறுசுறுப்பா இருக்கீங்க" என்று சொல்லியிருப்பார். அரசுச் சம்பளத்தில் இருப்பவனுக்கு இதைவிட ஆபத்தான பாராட்டு கிடையாது.

அவருடைய ஆண்டு ஜூனில் தொடங்குவதில்லை, மார்ச்சில் தொடங்குகிறது. காரணம், யாரோ வைத்துப்போன பணத்தின் வட்டியில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். உதாரணத்துக்கு, ஸ்காட்லாந்தில் ஆடம் கிஃபோர்டு என்ற நீதிபதி 1887இல் இறந்தார். நான்கு பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவு நடத்த 80,000 பவுண்டு எழுதிவைத்திருந்தார். அந்தப் பணத்தில் 1901-02இல் எடின்பரோவுக்கு வந்து தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆற்றிய உரைகள் நூலாகி இன்றும் விற்கின்றன. இங்கே தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரால் அறக்கட்டளை வைத்தார். எல்லாம் பெரிய மனசுக்காரர்கள் செய்த காரியம்தான். வட்டிக்கு மட்டும் அந்த மனசு இல்லை. எழுபது வருடத்துக்கு முன் ஒருவர் தம் தகப்பனார் நினைவாகக் கட்டிய 10,000 ரூபாய் அன்று மலைப்பான தொகை. இன்று 7 சதவீதக் கணக்கில் ஆண்டுக்கு 700 ரூபாய் தருகிறது. பேச்சாளர் டாக்சியில் வந்து சேரலாம், திரும்பிப் போவது அவர் சாமர்த்தியம். ஆகவே நம்மவர் நாலைந்து அறக்கட்டளைகளின் வட்டியை ஒன்றாகத் திரட்டி, மார்ச் 31க்குள் ஒரே முற்பகலில் முடித்துவிடுவார். வருகிற பேச்சாளரும் நான்கு குடும்பத்து முன்னோர்களுக்குச் சேர்த்து ஒரே திதி கொடுத்ததுபோலப் பேசிவிட்டு இறங்குவார்.

பேச்சாளரைக் கூப்பிடும் தொலைபேசி உரையாடல் ஒரு தனிக்கலை. "ஐயா, உங்களை விட்டா இந்தத் தலைப்புக்கு ஆளே இல்லைங்கய்யா" என்று ஆரம்பித்து, "மதிப்பூதியம் ஏதோ அடையாளமா..." என்று குரல் தேய்ந்து முடியும். ஐயாவுக்கும் இது புரியும். இதே வாக்கியத்தை அவரும் ஒரு காலத்தில் வேறு ஐயாக்களிடம் சொல்லியவர்தான்.

ஆனால் அவருடைய மேதைமை வெளிப்படுவது அழைப்பிதழில். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, எவருக்கு எந்த அளவு எழுத்து என்பதெல்லாம் எல்லைத் தகராறுகளுக்கு ஒப்பானவை. துணைவேந்தர் நாற்காலி காலியாக இருந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். அப்போது பொறுப்புக் குழு இருக்கும், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வேண்டும். வரவேற்புரை, நோக்கவுரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, அறிமுகவுரை என்று எல்லாரையும் ஏற்றிய பிறகும் கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள் மூவர் மிஞ்சுவார்கள். அவர்களுக்காகத்தான் தமிழ்ச் சமூகம் 'முன்னிலை' என்ற இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பேச வேண்டாம், வந்தால் போதும். வராவிட்டாலும் போதும். இத்தனைக்கும் அடியில், கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால், சிறப்புரை.

அடுத்தது தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக்கிய அரசாணை, 55 விநாடியில் பாட வேண்டும், இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயாலேயே பாட வேண்டும் என்கிறது. நல்ல ஆணை. அதற்குக் குரல் தேட வேண்டியவர் நம்மவர். முதலாண்டில் இரண்டு பெண்கள் நன்றாகப் பாடுவார்கள்; விழா நாளில் ஒருத்திக்குத் தொண்டை கட்டும்.

பிறகு கூட்டம். முந்நூறு இருக்கை அரங்கில் துறை மாணவர்கள் நாற்பது பேர். மீதிக்குப் பண்டமாற்று. சங்க இலக்கியச் சொற்பொழிவுக்குத் தாவரவியல் துறை பிள்ளைகளை அனுப்பும். பதிலுக்குப் போன வாரம் தமிழ்த்துறைப் பிள்ளைகள் நன்னீர்ப் பாசிகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டுக் கைதட்டிவிட்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு 'ஓடி' என்கிற வருகைச் சலுகை, கருத்துப் படிவம், மின்சான்றிதழ். சிற்றுண்டிப் பெட்டியை ஆரம்பத்தில் கொடுத்தால் அரங்கு காலியாகும், முடிவில் கொடுப்போம் என்று அறிவித்தால் நன்றியுரை வரை ஒருவரும் அசையார். இந்த உண்மையை அவர் எந்த ஆய்விதழிலும் வெளியிடவில்லை.

"ஏம்மா, பின்னாடி உட்காராதீங்க, முன்னாடி வாங்க. போட்டோல வெறும் நாற்காலி விழுது!"

போட்டோ என்றால் சாதாரணப் போட்டோ இல்லை. கல்லூரி, பல்கலைக்கழகங்களைத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்புக்குக் காட்டுவதற்கு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் அடியில் பொறித்த ஜியோடேக் போட்டோ. பேச்சாளர் என்ன பேசினார் என்பதற்குச் சாட்சி தேவையில்லை. பூமியின் எந்தப் புள்ளியில் நின்று பேசினார் என்பதற்குத்தான் தேவை.

ஒருவழியாகச் சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கி முன் வருகிறார். அந்த விநாடியே நம்மவர் அரங்கை விட்டு வெளியேறுகிறார். போயாக வேண்டும். நினைவுப்பரிசில் பேச்சாளர் பெயரில் றகரம் ரகரமாகிவிட்டது. டிரைவர் சாப்பிடப் போனவர் போனை எடுக்கவில்லை. பெட்டி எண்ணினால் இருபது குறைகிறது. மதிப்பூதியம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ரசீதில் ஒட்ட ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும்; அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்ப் வளாகத்தில் எங்கும் இல்லை. மேடையில் பேச்சாளர் தன் முப்பதாண்டு ஆராய்ச்சியின் முடிச்சை அவிழ்க்கும் வேளையில், நம்மவர் அஞ்சலக வரிசையில் நிற்கிறார். எத்தனையோ அறிஞர்களை வரவழைத்தவர், ஒருவர் பேச்சையும் முழுதாகக் கேட்டதில்லை. சோகம்தான். ஆனால் அவருக்கு அது உறைக்கக்கூட நேரமில்லை.

முழுதாகக் கேட்பவர் ஒருவர் உண்டு. பத்திரிகையில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைப் பார்த்து, இரண்டு பஸ் மாறி வரும் ஓய்வுபெற்ற பெரியவர். முதல் வரிசை, குறிப்பேடு, மடக்குக் குடை. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, "ஒரு சின்னக் கேள்வி" என்பார். பத்து நிமிடத்துக்குப் பிறகும் அது கேள்வியாகியிருக்காது. அரங்கமே நெளியும். நம்மவர் மட்டும் அவரைக் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். பெட்டி குறைந்தால் தன் பெட்டியையே கொடுத்துவிடுவார்.

ஏனென்றால் மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். 'உரையின் சாரம் - ஒரு பக்கத்துக்கு மிகாமல்' என்று ஒரு கட்டம் உண்டு. நம்மவர் பெரியவருக்குப் போன் போடுவார்: "ஐயா, நேத்து கடைசியா என்ன சொன்னாரு?" பெரியவர் மகிழ்ந்து, குறிப்பேட்டைப் பிரித்து, நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அதில் பாதி பேச்சாளர் சொன்னது. மீதி, பேச்சாளர் சொல்லியிருக்க வேண்டும் என்று பெரியவர் நினைப்பது. எது எது என்று பிரிக்க நம்மவருக்கு வழியில்லை. அப்படியே தட்டச்சாகும், இணைப்புகளோடு மேலே போகும்.

மூன்றாம் வாரம் கோப்பு திரும்பி வரும். உள்ளே சிவப்பு மையில் நிதிப் பிரிவின் குறிப்பு: 'பொன்னாடை வாங்கிய ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.'