மருமகனுக்கு ஒரு மருந்துச் சீட்டு

வாரும் மருமகனே, உக்காரும். எதுலயும் திருப்தி இல்லன்னு டவுன்ல ஏதோ மன அமைதி வகுப்புக்குப் பணம் கட்டிட்டீராமே? உங்க அத்தை சொன்னா. கட்டினது போகட்டும். அவங்க நெசமாவே உம்ம கொறையை எல்லாம் வேரோட புடுங்கிட்டா அப்புறம் என்ன செய்வீரு? ஒரு கொறையும் இல்லாத மனுசன் நம்ம வீட்ல ஒருத்தர்தான் இருக்காரு. உம்ம தாத்தா. மாலை போட்டு ஆணியில தொங்குதாரு.

அதுசரி, உம்ம கொறைதான் என்ன? காப்பியில சீனி கம்மி. சங்கத்து செக்ரட்டரி முகம் குடுத்துப் பேசலை. கூடப் படிச்சவன் காரு வாங்கிட்டான். இதெல்லாம் அரிப்பு மருமகனே, சொறிஞ்சா போயிரும்.

நம்ம கோவில்பட்டியில ஒரு மனுசனுக்கு வந்துது பாரும், அது கொறை. இயற்கை விவசாயம் பேசுன நம்மாழ்வாரைத்தான் சொல்லுதேன். தஞ்சாவூர்ப் பக்கம் இளங்காட்டுக்காரரு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல விவசாயம் படிச்சிட்டு, 1963ல இங்க ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தாரு. மாசம் பொறந்தா சர்க்கார் சம்பளம். நீரா இருந்தா வீடு கட்டி மாடியும் எடுத்திருப்பீரு. அவருக்குச் சோறு எறங்கலை. ஏன்? கரிசக்காட்டுல வானத்தைப் பாத்துத்தான வெதைப்பு. பண்ணைக்குள்ள என்னடான்னா, வீரிய ஒட்டு வெதையைப் போட்டு, பருத்திக்கு எவ்வளவு எடைவெளி, எவ்வளவு உரம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வேலிக்கு வெளிய நிக்குற சம்சாரிகிட்ட அந்த உரத்துக்குத் துட்டு ஏது? கடன்பட்டுப் போட்டாலும் மழை வரணும்லா? இந்த ஆராய்ச்சி யாருக்குன்னு உள்ளயே கேட்டுப் பாத்தாரு. யாரும் காது குடுக்கலை. 1969ல வேலையை விட்டுட்டாரு.

பெறவு களக்காட்டுப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துல பத்து வருசம். வெளியில வாங்கிப் போடுறது கொறையக் கொறையத்தான் சம்சாரி பொழைப்பான்னு அங்கதான் புடிபட்டுது. கரூர் ஜில்லா கடவூர்ல வானகம்னு ஒரு பண்ணை வச்சாரு. வெள்ளைத் தாடியும் பச்சைத் துண்டுமா ஊர் ஊராப் பேசுனாரு. 2013 டிசம்பர்ல, டெல்டாவுல மீத்தேன் எடுக்கக் கூடாதுன்னு சனங்களைத் திரட்டப் போன எடத்துலதான் உசுரு போச்சு. 75 வயசு. அப்பவும் மனுசனுக்குத் திருப்தி வரலை பாரும்!

அவரு சொன்னது எல்லாத்துக்கும் நான் தலையாட்டுறவன் இல்ல. நானும் ராத்திரியோட ராத்திரியா ஒரு மூட்டை யூரியா வீசுறவன்தான். ஆனா சம்பளம் பத்தலைன்னு அந்த மனுசன் வெளிய வரலை, பாத்துக்கிடும்.

நீரு கூட்டுறவு சங்கத்துலதான கணக்குப் பாக்குதீரு? பயிர்க்கடன் கேட்டு வார கெழவி ஒரு கையெழுத்துக்கு நாலு நடை நடக்கா. அதைப் பாத்து ஒருநாளாவது உமக்குத் தூக்கம் கெட்டிருக்கா? இல்லையா? அதான பாத்தேன். இம்புட்டுத் திருப்தியை உள்ள வச்சுக்கிட்டு, காசு குடுத்து வேற வாங்கப் போறீராக்கும்!

நாளைக்கு அவ வந்தா, உக்கார ஒரு ஸ்டூலைப் போடும். ஏன் நாலு நடைன்னு செக்ரட்டரிகிட்டக் கேளும். அவரு மொறைப்பாரு. உமக்கு ராத்திரி தூக்கம் வராது. விடிஞ்சதும் அந்த வகுப்புக்காரன்கிட்டப் போயிப் பணத்தைத் திருப்பிக் கேளும். குடுத்தா பாதியை இங்க தள்ளிரும். நானும் இம்புட்டு நேரம் வகுப்பு எடுத்திருக்கேம்லா?