செட்டும் அதன் உட்செட்டுகளும்: பொன்மலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று உண்டு. தமிழில் அதைச் 'செட்' என்று எழுதுவோர் படித்தவர்கள். 'செட்டு' என்று சொல்வோர் அதை வைத்துப் பிழைப்பவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் இருபது தொகுதிகளாக வந்தபோது, இச்சொல்லின் வினை வடிவத்துக்கு மட்டும் 430 பொருள் சொல்லி, ஏறக்குறைய அறுபதாயிரம் சொற்களைச் செலவழித்தது. அந்தப் பதிப்பில் அதைவிட நீண்ட பதிவு கிடையாது. பின்னால் நடந்த திருத்தத்தில் 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருளோடு முந்திக்கொண்டது. ஓடுகிற சொல் முந்தியதில் வியப்பில்லை. ஆனால் அந்த 430க்குள் பொன்மலைக்காரர் வாயில் புழங்கும் பொருள்களைத் தேடினால் கை வெறுங்கையாகத்தான் திரும்பும். இக்குறை களையவே இக்கட்டுரை எழுந்தது. 'இப்பொருளில் இதற்குமுன் எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை' என்று எல்லா ஆய்வேடுகளிலும் வரும் வாக்கியத்தை நானும் இங்கே இட்டுவைக்கிறேன். என் விஷயத்தில் அது உண்மை.

ஆய்வுக் களம்

திருச்சிக்குத் தென்கிழக்கே நிற்கும் ஒரு பாறைக்கு மலை என்று பேர் வைத்து, அதற்குப் பொன் என்று அடையும் கொடுத்த ஊர் இது. 1753இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பாறைக்காகவே அடித்துக்கொண்டார்கள். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்து 1928இல் இங்கே நிலைபெற்றது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பு முழுமை பெற்றதும் அதே 1928, ஏப்ரல் மாதம். ஒரே ஆண்டில் இரண்டு நிகழ்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தது என்று நிறுவிப் பட்டம் வாங்குவது நம் ஆய்வு மரபு. எனக்குப் பட்டம் தேவையில்லாததால், இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவ்வாண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததற்கும் அகராதி காரணமன்று, ஆள்குறைப்புதான் காரணம்.

ஆய்வெல்லை ஜி கார்னர் திடலில் தொடங்கி, ஆர்மரி கேட்டைத் தொட்டு, பொன்மலைப்பட்டியில் முடியும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எல்லைக்கு உட்பட்டது. ஸ்ரீரங்கம் உட்படாது. ஆனால் ஒப்பாய்வு இல்லாத ஏட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், காவிரியைத் தாண்டி ஒருமுறை போய்வருவோம்.

செட்டாகிய ஷெட்டு

பொன்மலை நாக்கு 'ஷ' என்னும் எழுத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதனால் கொட்டகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இங்கே ஒரே உருவம் பூண்டு திரிகின்றன. டீசல் லோகோ ஷெட், டீசல் செட்டு ஆயிற்று. சைக்கிள் நிறுத்துமிடம் சைக்கிள் செட்டு. இதனால் விளையும் பொருள் மயக்கத்துக்குச் சான்றாக, ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல் ஒன்றில் கேட்ட உரையாடலைத் தருகிறேன்.

"அக்கா, அண்ணன் இருக்காரா?"

"செட்டுக்குப் போயிருக்காரு தம்பி."

"எந்தச் செட்டுக்கா?"

"வேலை செட்டுதான். மத்த செட்டெல்லாம் சாயங்காலம்தானே கூடும்."

'செட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் நான்காம் வேற்றுமை. ஆள் வேலையில் இருக்கிறார், சம்பளம் வரும். 'செட்டோட போயிருக்கிறார்' என்றால் மூன்றாம் வேற்றுமை. ஆள் கூட்டாளிகளோடு இருக்கிறார், சம்பளம் போகும். ஓர் உருபு ஒரு குடும்பத்தின் மாதக் கடைசியைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பியர் வேற்றுமைக்கென்று தனி இயல் வகுத்தது ஏன் என்று இப்போது விளங்கும். (வாய்மொழி, தகவலாளர் கோலம் போட்டபடி பேசினார்.)

ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்ஃபோர்டில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் சீட்டுகளைக் குவித்துவைத்துக்கொண்டுதான் அகராதி தொகுத்தார். அந்தக் கொட்டகைக்கு லத்தீனில் 'ஸ்கிரிப்டோரியம்' என்று பேரிட்டார். பொன்மலைக்காரர் யாரேனும் அந்தப் பக்கம் போயிருந்தால், "செட்டுல உக்காந்து செட்டுக்கு அர்த்தம் எழுதுறாரு" என்று ஒரே வாக்கியத்தில் விளக்கியிருப்பார்.

சிறுவகைச் செட்டுகள்

பம்பு செட்டு: குளிப்பதற்கு.

மைக் செட்டு: பக்கத்துத் தெருவுக்குக் காது குத்து என்பதை இந்தத் தெருவுக்கு அறிவிப்பது.

சினிமா செட்டு: இடிப்பதற்காகக் கட்டுவது.

பல் செட்டு: இரவில் டம்ளரில் இருப்பது.

செட்டப்பு: இதை விளக்க இயலாது, கட்டுரையாளர் குடும்பஸ்தர்.

செட் தேர்வு: கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான மாநிலத் தகுதித் தேர்வு. இந்தச் செட்டில் தேறியபின் வேலை கிடைப்பது வேறொரு செட்டைப் பொறுத்தது.

எத்தனை இருந்தால் ஒரு செட்டு?

இதுவே இவ்வாய்வின் மையச் சிக்கல். அறிஞருலகம் இதைத் தீண்டவில்லை.

பணிமனைக்குள் இச்சிக்கலே இல்லை. அச்சு ஒன்று, சக்கரம் இரண்டு; அழுத்து இயந்திரத்தில் வைத்துச் சக்கரங்களை அச்சில் ஏற்றிவிட்டால் அது ஒரு வீல் செட்டு. அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடைவெளி 1676 மில்லிமீட்டர். வீல் செட்டில் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடைவெளி 1600. அனுமதித்த அளவைத் தாண்டிப் பிசகினால் வண்டி தடம் புரளலாம். இரண்டு சக்கரமும் அச்சோடு இறுகியவை என்பதால் ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியாக வேண்டும். வளைவு வந்தால் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டுமே, என்ன செய்யும்? சக்கரத்தின் உருள்பரப்பைச் சரிவாக, பணிமனை மொழியில் டேப்பராக, கடைந்திருப்பார்கள். செட்டு சற்றே ஒருபக்கம் நகர, வெளிச்சக்கரம் பெரிய சுற்றளவிலும் உள்சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருண்டு சமாளித்துக்கொள்ளும். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர், தம் பேத்திக்கு வந்த வரனைப் பற்றிப் பேசும்போது, "ரெண்டும் செட் ஆகும், கொஞ்சம் டேப்பர் இருந்தா போதும்" என்றார். 'செட் ஆதல்' என்னும் வினைக்கு ஆக்ஸ்ஃபோர்டின் அறுபதாயிரம் சொல்லில் இவ்வளவு துல்லியமான விளக்கம் இருக்குமா என்பது என் ஐயம்.

பணிமனை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் இந்தத் துல்லியம் பூரியில் வந்து உடைகிறது.

ஒரு கடையில் செட்டு என்றால் இரண்டு பூரி. அடுத்த கடையில் மூன்று. இடையில் ஓர் எழுதாத எல்லைக்கோடு ஓடுகிறது. அளவைத் தரப்படுத்த முயன்று நான் கடைக்காரரிடம் கேட்டேன்: "செட்டுன்னா எத்தனைண்ணே?" அவர் எண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "செட்டுன்னா செட்டுதான் தம்பி." இதைவிடச் சுருங்கிய நூற்பாவைப் பவணந்தியாரும் யாத்ததில்லை. நம் அகராதிகள் பலவும் இந்த முறையிலேயே பொருள் கூறுகின்றன; கூடவே பூரி தருவதில்லை.

இந்நூற்பாவுக்கு உரை காண முற்பட்டோர் பல திறத்தினர். இரண்டே பூரி என்பார் துவைதிகள். பூரியும் கிழங்கும் உடலும் உயிரும்போலப் பிரிக்கவொண்ணாதவை, இரண்டும் கூடியதே செட்டு, கிழங்கை மட்டும் 'இன்னொரு கரண்டி' கேட்பது சித்தாந்த விரோதம் என்பார் விசிஷ்டாத்வைதிகள். "தீர்ந்துபோச்சு" என்னும் கடைக்காரர் மாயாவாதி. (காண்க: கடைச் சுவர் விலைப்பட்டியல், மூன்றாம் வரி. பழைய விலைமேல் சுண்ணாம்பு பூசிப் புது விலை எழுதியதில் 'பூரி செட்' என்பது 'பூரி சொட்' எனத் தோன்றும். எண்ணெய் சொட்டுவதால் இதுவே மூலபாடம் என்பாரும் உளர். அது பொருந்தாது என்க.) நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் மூன்றாம் வரியிலுள்ள பூரியைப் பதினோராம் வரியிலுள்ள வடைகறியோடு கொண்டுகூட்டி மாட்டிப் பொருள் கண்டிருப்பார், ருசியும் குறைந்திருக்காது.

தீர்ந்துபோன செட்டும் செட்டா என்ற வினா கணிதத்துக்கு உரியது. ஜெர்மானியர் கேண்டர் தோற்றுவித்த இயலை நம் பாடநூல்கள் 'கணங்கள்' என்று அழைக்கின்றன. உறுப்பே இல்லாத கணம் வெற்றுக் கணம். அது எல்லாக் கணங்களுக்கும் உட்கணம். ஆகவே பூரி தீர்ந்த கடையில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஒரு செட்டு சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது கணித முறைப்படி நிறுவத்தக்கது. கடைக்காரரிடம் இதை நிறுவ முயல வேண்டாம், பில் வரும்.

1901இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இந்த இயலின் அடிமடியில் கைவைத்தார். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்களையெல்லாம் திரட்டி ஒரு கணம் ஆக்கினால், அது தன்னில் அடங்குமா, அடங்காதா? அடங்கும் என்றால் அடங்காது. அடங்காது என்றால் அடங்கும். ஐரோப்பா இதற்காகத் தூக்கம் இழந்தது. பொன்மலையில் இந்தச் சிக்கல் தினமும் மாலை ஆறு மணிக்குப் பாலக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறது.

ஊரில் ஃபுட்பால் செட்டு உண்டு, சங்கத்துச் செட்டு உண்டு, சபரிமலைச் செட்டு உண்டு, சீட்டுச் செட்டு உண்டு. எதிலும் சேராதவர்கள் சிலர் உண்டு. "நமக்கு எந்தச் செட்டும் ஒத்துவராதுப்பா" என்பது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்டவர்கள் போக வேறிடம் இல்லாமல் பாலக்கட்டைக்கு வந்து வரிசையாக உட்காருகிறார்கள். ஊரார் அவர்களைப் 'பாலக்கட்டைச் செட்டு' என்கிறார்கள். இப்போது பாருங்கள்: எந்தச் செட்டிலும் இல்லாதவரே இந்தச் செட்டில் இருக்கத் தகுதி பெற்றவர். உட்கார்ந்த கணமே அவர் ஒரு செட்டில் இருக்கிறார், தகுதி போயிற்று, எழுந்து போக வேண்டும். எழுந்து போனால் எந்தச் செட்டிலும் இல்லை, தகுதி வந்துவிட்டது, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவர்களில் ஒருவர் அடிக்கடி எழுந்து டீக்கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்ததை நான் நேரில் கண்டேன். சர்க்கரை வியாதி என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அது ரஸ்ஸல் முரண். (மூலச்சான்று: பாலக்கட்டையின் உட்பக்கம், கரியால் எழுதியது, 'எங்க செட்டு' எனத் தொடங்கி இதயப் படத்தில் முடிவது, அதன்மேல் ஒட்டிய தேர்தல் சுவரொட்டியும், அதன்மேல் ஒட்டிய மூலம் பவுத்திரச் சுவரொட்டியும் மழையில் உரிந்தபின் கிடைக்கும் பாடம். இரண்டாம் சுவரொட்டியின் தொலைபேசி எண் இடைச்செருகல்.)

ஒப்பாய்வு: ஸ்ரீரங்கம்

காவிரிக்கு வடக்கே 'செட்டு' என்ற சொல்லுக்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்த சொல் 'கோஷ்டி'. பிரபந்தம் ஓதும் கோஷ்டிக்கு முன்வரிசை, பின்வரிசை, யார் யாருக்கு அடுத்து என்பதெல்லாம் வரையறை உண்டு. பொன்மலைச் செட்டில் வரிசை கிடையாது. வண்டி வைத்திருப்பவன் முன்னால். அரசியலுக்குப் போன கோஷ்டி மட்டும் செட்டோடு பொருளில் ஒன்றிவிட்டது. இரண்டுக்கும் பூசல் என்ற துணைச்சொல் இயல்பாக ஒட்டும்.

ஸ்ரீரங்கத்திடம் உரையாசிரியர்கள் கற்க வேண்டியது இன்னொன்று உண்டு. திருவாய்மொழிக்கு இங்கே எழுந்த உரைகளை அளவால் பெயரிட்டார்கள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஓர் அளவு. வாங்குகிறவனுக்கு எடை தெரிந்துவிடும். இன்றைய ஆய்வேடுகளுக்கும் இம்முறை வந்தால் நல்லது: முந்நூறு பக்கம், அதில் சொந்தச் சரக்கு அரைப்படி.

வேர்ச்சொல் ஆராய்ச்சி

'செட்டு' தூய தமிழே என்று நிறுவ ஒரு சாரார் கிளம்புவர் என்பதை எதிர்பார்த்து, அவர்களுக்கு முன்பே அந்த வேலையை முடித்துவைக்கிறேன். செட்டு என்றால் தமிழில் சிக்கனம். 'செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்பது இன்றும் வழக்கு. சிக்கனமாக இருப்பவன் பொருளைத் தனித்தனியே வாங்கமாட்டான், மொத்தமாக வாங்குவான். மொத்தமாக வாங்கியது செட்டு. இதைக் கப்பலேற்றிப் போன ஆங்கிலேயன் கடைசி உகரத்தை வழியில் கடலில் போட்டுவிட்டான். நிறுவியாயிற்று. பன்னாட்டுக் கருத்தரங்கம் எதிலும் இதைப் படிக்கலாம். ஊருக்கு வந்திருக்கும் சிங்கப்பூர் மைத்துனர் முன்வரிசையில் உட்கார்ந்தால் அது பன்னாடு ஆகிவிடும், பதிவுக் கட்டணம் கட்டினால் மலரில் அச்சும் ஆகிவிடும்.

மேலாய்வுக்கு உரியவை

'செட்டில்' என்ற சொல்லை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. அது ஆங்கிலத்தில் தனிச்சொல் என்பார்கள். பொன்மலை வழக்கை நோக்கினால் அது செட்டு + இல், ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். "பையன் அமெரிக்காவுல செட்டில்" என்று ஒரு தாய் சொன்னால், அங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் செட்டில் இருக்கிறான், அல்லது அதிலிருந்து பிரிந்த செட்டில் இருக்கிறான் என்று கொள்க. எந்தச் செட்டில் என்பதைக் களத்துக்குப் போய்த்தான் சரிபார்க்க முடியும். விமானச் சீட்டு, தங்குமிடம், ஓர் உதவியாளர், குளிருக்கு ஸ்வெட்டர் ஒரு செட்டு ஆகியவற்றுக்கு நல்கை வேண்டி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். விண்ணப்பத்தை மூன்று செட்டாக அனுப்பச் சொல்லித் திருப்பியிருக்கிறார்கள்.