பூசக் கூடாது, விழுங்கலாம்!

கேள்வி: லிப்ஸ்டிக்கில் இருக்கும் சிவப்புச் சாயம் வயிற்றுக்குள் போனால் ஆபத்தா?

பதில்: அமெரிக்காவில் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். 'ரெட் 3' எனப்படும் எரித்ரோசின் சாயத்தை அளவுக்கு மீறித் தின்ற ஆண் எலிகளுக்குத் தைராய்டில் கட்டி வந்தது. 1990-இல் உதட்டுச் சாயத்துக்கு அதைத் தடை செய்தார்கள். மிட்டாயில்? அது பாட்டுக்கு இருந்தது. உணவுக்கும் தடை வர 2025 ஜனவரி ஆயிற்று. அதிலும் கம்பெனிகளுக்கு 2027 வரை அவகாசம்!

எலிக்குக் கட்டி வந்த விதம் மனிதருக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. ஆனாலும், விலங்குக்குப் புற்றுநோய் தரும் சாயத்துக்கு அனுமதி கூடாது என்பது அங்கே 1960 முதல் சட்டம். எலிகளே ஒரு வக்கீல் வைத்திருந்தால் வழக்கு சீக்கிரம் முடிந்திருக்கும்.