அண்டார்க்டிகாவில் பாத்திரம் துலக்குவது

அண்டார்க்டிகா போய்வந்தவனிடம் எங்கள் ஊரில் இரண்டே கேள்விதான். பென்குயின் பார்த்தாயா? குளிர் எப்படி? குளிருக்குப் பதிலாக ஒரு எண்ணைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. "மைனஸ் முப்பது" என்றேன். "முப்பதா? நம்ம ஊர்ல முப்பதுன்னா மார்கழி மாசம்லா" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி மைனஸைக் காற்றில் விட்டுவிட்டார். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவருக்கு அதற்கு உரிமை உண்டு.

பென்குயின் விஷயம் இன்னும் சங்கடம். இந்தியாவின் மைத்ரி நிலையம் கடற்கரையில் இல்லை. ஷிர்மாக்கர் என்ற பாறைத் திட்டின் மேல், பனித்தட்டின் விளிம்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அவ்வளவு தூரம் நடந்து வந்து பார்க்கும்படி எங்களிடம் என்ன இருக்கிறது என்று பென்குயின்கள் நினைப்பதில் தவறில்லை. கோடையில் வருவது ஸ்குவா என்ற பழுப்புப் பறவை. பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது அங்கே சட்டம். நாங்கள் போடுவதில்லை. அதுவாக எடுத்துக்கொள்ளும்.

இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியை 1983–84 பயணத்தில் பனித்தட்டின் மேலேயே கட்டினார்கள். சில வருடங்களில் பனி அதை மூடி விழுங்கிவிட்டது. அதனால்தான் 1989 முதல் மைத்ரி பாறையின் மேல் கால் ஊன்றி நிற்கிறது. குளிர்காலத்தில் இருபத்தைந்து பேர் போல இருப்போம். விஞ்ஞானிகள், டாக்டர், சமையல்காரர்கள், ஜெனரேட்டரையும் பனி வண்டிகளையும் கட்டி மேய்க்கும் ராணுவத்தார். வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது. ஆகவே அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் தொங்கும். அன்றைக்கு யார் பெயர் இருக்கிறதோ அவர் பாத்திரம் துலக்கி, தரை துடைத்து, சமையல்காரர் கைகாட்டிய மூட்டையிலிருந்து வெங்காயம் உரிக்க வேண்டும். முனைவர் பட்டமெல்லாம் செல்லாது. லீடர் பெயரும் அதில் உண்டு.

ஆராய்ச்சி நிலையம் என்றால் இரவு பகலாக ஆராய்ச்சி நடக்கும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். உண்மையில் ஆராய்ச்சிக்குச் சில மணி நேரம் போதும். மிச்சமெல்லாம் குடித்தனம். தண்ணீர் வருகிறதா, டீசல் இருக்கிறதா, உப்பு யார் போட்டது? எதிரே இருக்கும் பிரியதர்ஷினி ஏரி மேலே உறைந்து கல்லாகிவிடும், அடியில் தண்ணீர் கிடக்கும். அதைப் பம்பு வைத்து இழுக்கிறோம். வரும் வழியில் குழாய் உறைந்துவிட்டால் சட்டை மடித்துப் போகிறவர்களில் விஞ்ஞானியும் ஒருவர். பலூனில் கருவியைக் கட்டி ஓசோன் அளக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். வானத்தில் ஓசோன் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கடைசிவரை சப்பாத்தியின் தடிமன் பிடிபடவில்லை.

எனக்கு இட்லிப் பொறுப்பு. மாவு அரைத்தாயிற்று, புளிக்க மாட்டேன் என்றது. சுற்றிப் பார்த்ததில் நிலையத்திலேயே நம்ம ஊர் சூடு இருந்த இடம் ஜெனரேட்டர் அறைதான். அங்கே இருந்த ஹவில்தாரிடம் வாளியை ஒப்படைத்தேன். பஞ்சாபிக்காரர், மாவு பொங்குவதைப் பார்த்ததில்லை. நள்ளிரவில் எழுப்பி, "சார், உங்கள் சாம்பிள் வெளியே வருகிறது" என்றார்.

சொந்த வேலை என்று கேட்டால், பூமியின் காந்தப்புலத்தை அளப்பது. எங்கள் ஊர்ப் பக்கம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அங்கே காந்த ஊசி ஏறக்குறைய தரைமட்டமாகப் படுத்துக் கிடக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கிடக்கிறது, ஊசி மட்டும் என்ன செய்யும்? மைத்ரியில் அதே ஊசி வடமுனையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு முறைக்கிறது. அதை அளக்கும் குடிசையில் ஒரு இரும்பு ஆணிகூடக் கிடையாது. உள்ளே போகிறவனிடமும் இருக்கக் கூடாது. கைக்கடிகாரம், பெல்ட், சாவி, கண்ணாடிச் சட்டம், ஜிப் வைத்த கோட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். உடம்பு முழுக்கத் துணி சுற்றச் சொல்லும் கண்டத்தில் கழற்றச் சொல்லும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. அரைஞாண் கொடி வெள்ளி என்பதால் பிழைத்தது. அதில் அம்மா திருஷ்டிக்காகக் கோத்துவிட்ட ஊக்கைத்தான் கழற்றி வைத்தேன்.

எனக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இதனால் தீராத பகை. பனி வண்டி என்பது டன் கணக்கில் இரும்பு. குடிசைப் பக்கம் அது வந்தால் என் வரைபடம் துள்ளும். "சூரியனில் புயல் அடித்தாலும் துள்ளும், நீங்கள் டீ குடிக்க வந்தாலும் துள்ளும். நான் எதை எழுதுவது?" என்று கேட்டேன். "டீயையே எழுதுங்கள் சார், அது தினமும் வரும்" என்றார் டிரைவர். உண்மையான காந்தப்புயல் வந்த இரவில் தென்துருவ ஒளி வானமெங்கும் பச்சைத் திரையாக ஆடியது. எல்லோரும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து அதன் கோட்டைப் பார்த்தேன். கோடும் நன்றாகத்தான் ஆடியது என்று சொல்லிக்கொண்டேன்.

மே கடைசியில் மறைந்த சூரியன் ஜூலை கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். நடுவில் கடிகாரத்தில் ஆறு மணி என்றால் எந்த ஆறு என்று யோசிக்க வேண்டும். காற்று அவ்வளவு வறட்சி என்பதால் கதவுப் பிடியைத் தொட்டாலே சுளீரென்று ஷாக். வந்த புதிதில் கை குலுக்கியவர்கள் எல்லாம் பிறகு கும்பிட ஆரம்பித்தார்கள். தமிழ்ப் பண்பாடு இப்படியும் பரவும்.

செயற்கைக்கோள் வழியாக அம்மா பேசுவாள். "யய்யா, சாப்டியா?" முதலில் அது. பிறகு கறிவேப்பிலை.

"காஞ்சதுதான் இருக்கும்மா."

"போகும்போதே ஒரு தொட்டில வச்சிக் கொண்டு போயிருக்கலாம்லா?"

அனுமதி இல்லாமல் வேற்றுச் செடியையும் மண்ணையும் அங்கே கொண்டுபோகக் கூடாது, 1991-இல் மாட்ரிட்டில் பல நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்று விளக்கினேன். "கறிவேப்பிலைக்கா கையெழுத்துப் போட்டாங்க?" என்றாள். அதே ஒப்பந்தத்துக்குப் பயந்துதான் குப்பையைப் பிரித்து மூட்டை கட்டிக் கப்பலேற்றுகிறோம். கழிப்பறை பற்றிப் பலருக்குக் கேட்க ஆசை, கூச்சம் தடுக்கும். நானே சொல்லிவிடுகிறேன்: எரித்துச் சாம்பலாக்கி, அதையும் கொண்டு வந்துவிடுகிறோம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம்.

அக்டோபருக்குள் புத்தம்புதுக் காய்கறி என்பது கதைகளில் வரும் சங்கதி ஆகிவிடும். நவம்பரில், கேப் டவுனிலிருந்து வரும் விமானம் பக்கத்து ரஷ்ய நிலையமான நோவோலாசரேவ்ஸ்கயாவின் பனி ஓடுபாதையில் இறங்கியது. அடுத்த அணிக்காரர்கள் படியிறங்கிக் கைநீட்டினார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைத் தாண்டிப் போய்ப் பெட்டிகளைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் தலைக்கு ஒரு தக்காளி என்று லீடரே உட்கார்ந்து பங்கு வைத்தார். புதிதாக வந்தவர்கள் ஊரில்தான் தின்றுவிட்டு வந்திருப்பார்களே என்று அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருவர் மட்டும் தைரியமாகத் தட்டை நீட்டினார். பட்டியலில் மறுநாள் பாத்திரம் துலக்க அவர் பெயர் இருந்தது.